மட்டக்களப்புப் பறைமேளம்: கலைமரபும் குடிமையும்

மட்டக்களப்புப் பிரதேசத்திலே தந்தை மகனுக்குக் கையளித்து வந்த இசை பறைமேளம். இக்கையளிப்பைக் குடும்பக் கலைச்செல்வமெனப் போற்றுவோர் பலர். எத்தகைய சமூக உறவுகளுக்குள் அது நிகழ்ந்தது என வினவுவோர் சிலரே. அவ்வினாவையே நாம் இங்கு எழுப்புகின்றோம்.

வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோயிற் சடங்குக்கும் சாவீட்டுக்கும் பறைமேளம் வேண்டப்பட்டது. தமிழகத்துப் பறை ஒருமுகக் கருவி. இதுவோ இருமுகங் கொண்டது. தம்பட்டமும் குழலும் இதனுடன் சேரும். இவ்விசை ஏட்டைக் கொண்டு பயிற்றப்படவில்லை. மூத்தோருடன் சென்று, பார்த்தும் கேட்டும் கூடவே அடித்தும் சிறுவன் கற்றான். சடங்கே அவனுக்குப் பள்ளியாயிற்று.

ஆயின், அப்பள்ளியை அவன் விரும்பித் தேர்ந்தவனல்லன். நிலவுடைமைச் சமூகத்திலே பறையடித்தல் பிறப்பின் பேரால் ஒரு சாதியினர்மீது சுமத்தப்பட்ட குடிமை ஊழியமாகும். கலைஞனின்றிச் சடங்கு நிறைவுறாது. ஆனால் அச்சடங்கே அவனது இழிநிலையை ஊரறிய உறுதிப்படுத்திற்று. இப்பிரதேசத்துப் பறைமேளக்காரர் பற்றி மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இசைவும் கட்டுப்பாடும் இணைந்து நிற்றல் கவனிக்கத்தக்கது.

இவ்விழிவு கருவியின் இயல்பன்று. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனைச் சிறப்புக்குரிய நான்கு குடிகளுள் ஒன்றாக வைக்கின்றது. எனவே இழிவு வரலாற்றின் விளைவு. வரலாறு அதனை மாற்றவும் கூடும்.

இலங்கையில் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் விதிக்கப்பட்ட தடைகளைக் குற்றமாக்கியது. எனினும் மனத்தடைகளைச் சட்டம் மட்டும் தகர்ப்பதில்லை. எனவே, இளைஞர் பறையைக் கீழே வைக்கும்போது அதனை மரபுத் துரோகமெனக் கண்டிப்பது நியாயமன்று. அது விடுதலை வேட்கையின் வெளிப்பாடு. அதேவேளை, அவர்களது முன்னோர் உழைத்து வளர்த்த இசையறிவு அவர்களுடனேயே அற்றுப்போவதும் இழப்பாகும்.

இம்முரண்பாட்டுக்குத் தீர்வு, கலையைக் குடிமையிலிருந்து பிரித்தெடுப்பதேயாகும். கற்பித்தல் ஒரு சாதியின் கடமையாகவன்றி, தக்க ஊதியமுள்ள ஆசிரியப் பணியாதல் வேண்டும். கற்றல் சாதி, பால் வேறுபாடின்றி எவருக்கும் உரியதாதல் வேண்டும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தம் உரிமைக்குரலாக முழக்குவது இதற்குச் சான்று. பறைமேளத்தை விழா மேடைக்கு அழைத்துவிட்டுக் கலைஞரை வாயிலில் நிறுத்தும் பண்பாட்டுப் பாதுகாப்பு, பழைய உறவின் புதிய வடிவமேயாகும். அடிப்பதற்கும் மறுப்பதற்கும் உரிமை பெற்றவர் கையிலேதான் பறைமேளம் கலையாக வாழும்.