உங்களுக்குத் தெரியுமா?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ரயில் ஓடியிருந்தாலும், அங்கே இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் நம் ராயபுரம்தான். உயர்ந்த தூண்களோடு நிற்கும் அது பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 2005-இல் புதுப்பிக்கப்பட்டது. செலவும் வேலையும் ரயில்வேயுடையவை.

வேல்ஸ் நாட்டில் கதை வேறு. மூடப்படும் நிலையில் இருந்த டாலிலின் என்ற குறும்பாதையை, எழுத்தாளர் டாம் ரோல்ட் திரட்டிய தன்னார்வலர்கள் எடுத்து 1951 மே மாதம் ஓட்டத் தொடங்கினார்கள். தொண்டர்களே நடத்திய உலகின் முதல் பாரம்பரிய ரயில் அதுதான். ‘தாமஸ்’ ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் அங்கே தொண்டு செய்தவர்; குழந்தைகளிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள்!

பழைய ரயிலின் நினைவைக் காப்பதில் நம் ஊர் மக்களுக்கும் பங்கு உண்டு. பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நான்கு திசைக்கும் பாதை பிரியும் சந்திப்பு அது. சேலம் பாதையில் ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் வண்டிதான் ஓடியது. அந்த நாளைய பயணச்சீட்டோ, கைவிளக்கோ, நிலையத்தின் புகைப்படமோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.