காய்கறிப் பாத்திக்குச் செங்கல் ஓரம் கட்டுதல்

வீட்டுக் கொல்லையில் கத்தரி, வெண்டை, கீரை முதலியன பயிரிடுவோர் தொழு உரம் இடுவதில் காட்டும் கவனத்தை, இட்ட உரத்தைக் காப்பதில் காட்டுவதில்லை. ஐப்பசி மழையில் மண்வரப்பு கரைந்து, உரமேறிய மேல்மண் வாய்க்காலுக்குப் போய்விடுகிறது. மழை ஓய்ந்ததும் அறுகு பாத்திக்குள் ஓடிப் படர்கிறது. இவ்விரு நஷ்டங்களையும் ஒருமுறை செய்யும் சிறு செலவினால் பெரிதும் தவிர்க்கலாம்.

பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. அப்போதுதான் பாத்தியை மிதிக்காமல், இருபுறமும் நின்று களையெடுக்க இயலும். நீளம் 12 அடியாயின், நான்கு மூலைகளிலும் முளையடித்துக் கயிறு கட்டவேண்டும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து குறியிட்டால், குறிகளுக்கிடையே 5 அடி இருத்தல் வேண்டும்; இருந்தால் மூலை சரியானது.

கயிற்றை ஒட்டி 6 அங்குல ஆழம் பள்ளம் வெட்டி, அறுகின் வேர்களையும் கோரைக் கிழங்குகளையும் பொறுக்கியெறிந்து, 1 அங்குலம் மணல் பரப்புதல் வேண்டும். பின்னர், 9 அங்குல நீளமும் 4½ அங்குல அகலமும் உள்ள செங்கற்களை, அகலப்பக்கம் பாத்தியை நோக்க, நெட்டுக்குத்தாக நெருக்கி நிறுத்தி, இருபுறமும் மண்ணிட்டுக் கெட்டிக்கவேண்டும். 5 அங்குலம் மண்ணுள்ளும் 4 அங்குலம் வெளியிலும் நிற்கும். இதற்குச் சுமார் 90 செங்கற்கள் பிடிக்கும்.

செங்கற்களை நீளவாட்டில் நிறுத்தினால் பாதியே போதுமென்று சிலர் கருதுவர். அவ்வாறு செய்தால் மண்ணுள் பதிவது 2 அங்குலமளவே. மழைநீர் அடிமண்ணை அரித்துக் கல்லைச் சாய்த்துவிடும். அறுகும் அடியில் நுழையும். செலவைக் குறைக்க விரும்புவோர் உடைந்த கருங்கற்களை ஆழப் பதிப்பது மேல். பனைமட்டையைக் கறையான் அரித்துவிடும். அரைவேக்காட்டுச் செங்கல் மழையில் கரையும். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிப்பதே தகுந்தது.

சாந்து பூசுதல் கூடாது. நீர் தேங்கி வேர் அழுகும். தாழ்ந்த பக்கத்தில் இரண்டோரிடங்களில் அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதில் தேங்காய் நாரைத் திணித்தால், நீர் வடியும். மண் பெரும்பாலும் நிற்கும். பாத்தி மண் செங்கல்லின் மேல்விளிம்புக்கு 1 அங்குலம் தாழ்ந்திருக்கவேண்டும்.

ஓரத்தின்மேல் ஏறிவரும் அறுகை மாதமொருமுறை அறுத்துவிடவேண்டும். கோரையை இவ்வோரம் தடுக்காது. அதைக் கிழங்கோடு தோண்டியே எடுக்கவேண்டும்.

ஆவணியிலேயே இவ்வேலையை முடித்தல் நன்று. கிராம அதிகாரிகள் பாடசாலைத் தோட்டத்தில் ஓரம் கட்டிய பாத்தி ஒன்றையும் கட்டாத பாத்தி ஒன்றையும் அருகருகே அமைப்பித்தால், ஒரு மழைக்காலத்திலேயே வித்தியாசம் யாவர்க்கும் விளங்கும்.