ஸ்கொத்லாந்து நகைச்சுவை: சமூக அடிப்படையும் வாசிப்புப் பிறழ்வும்

1

நகைச்சுவை மனிதர் யாவர்க்கும் பொதுவானது. ஆதலின் அஃது எங்கும் எளிதில் விளங்கும் என்பது பரவலான நம்பிக்கை. இலக்கிய வரலாறு இதற்கு மாறான சான்றுகளையே தருகின்றது. அவலத்தைத் தொலைநாட்டாரும் உணர்ந்துகொள்கின்றனர். நகையையோ அயல்நாட்டார்கூடப் பிழையாக வாசித்துவிடுகின்றனர். தொல்காப்பியர் நகையை மெய்ப்பாடுகளுள் வைத்து எண்ணினார். மெய்ப்பாடு என்பது உள்ளத்துணர்வு உடலின்கண் வெளிப்படுதல். முகமும் குரலும் நீங்கிய எழுத்திலே அவ்வெளிப்பாடு என்னவாகின்றது? இவ்வினாவை ஸ்கொத்லாந்து நகைச்சுவையை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு ஸ்கொத்லாந்து தக்கதொரு களமாகும். 1802ஆம் ஆண்டில் எடின்பரோ றிவியூ இதழைத் தொடக்கியோருள் ஒருவரான சிட்னி சிமித் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஸ்கொத்தியரின் மூளைக்குள் ஒரு பகிடியைப் புகுத்த அறுவைச் சிகிச்சையே வேண்டும் எனக் கூறியதாகச் சொல்வர். எடின்பரோவில் நண்பர் பலரைப் பெற்றிருந்த அவர் விளையாட்டாகச் சொன்ன கூற்று அது. பின்வந்தோரோ அதனை ஓர் இனத்தின் இயல்பு பற்றிய சான்றாக எடுத்தாண்டனர். ஸ்கொத்தியருக்குப் பகிடி விளங்காது என்ற கருத்தே, விளங்கிக்கொள்ளப்படாத ஒரு பகிடியிலிருந்து வலுப்பெற்றது.

2

முகத்தில் சலனமின்றிக் கூறுதல், குறைத்துக் கூறுதல், புகழ்வதுபோல் இகழ்தல், இகழ்வதுபோல் நெருங்குதல் ஆகியன இந்நகைச்சுவையின் சிறப்பியல்புகளாகக் கூறப்படுவன. இவற்றை இனக்குணம் என்று விளக்குவது விளக்கமாகாது. இவற்றைத் தோற்றுவித்த சமூக உறவுகளை நோக்குதல் வேண்டும்.

1560இல் நிகழ்ந்த சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் கல்வினியத் திருச்சபை ஸ்கொத்லாந்து மக்களின் அன்றாட வாழ்வைக் கண்காணிக்கும் நிறுவனமாயிற்று. ஊர்தோறும் திருச்சபை மூப்பர் மன்று அமைந்தது. ஓய்வுநாளை மீறியோரும் ஒழுக்கம் தவறியோரும் அதன்முன் அழைக்கப்பட்டனர். சபையோர் காண மனமாற்ற இருக்கையில் அமர்த்தப்பட்டனர். இத்தகைய சூழலில் வெளிப்படையான ஏளனத்துக்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. எடின்பரோப் பல்கலைக்கழக மாணவனான தோமஸ் எய்க்கன்ஹெட் 1697 ஜனவரி 8ஆந் திகதி, தனது இருபதாவது வயதில், தெய்வநிந்தனைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டான். அவனது சமயக் கருத்துகளே முதன்மைக் குற்றச்சாட்டாக அமைந்தன. எனினும், குளிர்மிகுந்த ஓரிரவில் நரகத்திலிருந்தால் குளிர்காயலாமே என்று நண்பரிடம் அவன் சொன்னதும் அவனுக்கெதிராகக் கூறப்பட்டது. நண்பர் நடுவே பிறந்த சொல் வழக்கேட்டுக்குள் புகுந்ததும் அதன் தொனி உதிர்ந்தது. சொற்பொருள் மட்டுமே எஞ்சியது.

அதிகாரத்தின்முன் முகத்தை அசைக்காது பேசும் கலை இத்தகைய சூழலில் வளர்ந்தமை வியப்பன்று. பக்தியா பரிகாசமா என்று மூப்பர் தீர்மானிக்க இயலாதவாறு பேசுதலே பேசுவோனுக்குக் காப்பாயிற்று.

3

இக்கலையின் உச்சத்தை ரொபேட் பேர்ன்ஸின் 'ஹோலி வில்லியின் பிரார்த்தனை' என்னும் அங்கதக் கவிதையிற் காண்கின்றோம். மொக்லின் என்னும் ஊரின் திருச்சபை மூப்பர் ஒருவர், கவிஞரின் நண்பரான கவின் ஹமில்ரன்மீது ஓய்வுநாளைப் பேணாமை முதலிய குற்றங்களைச் சாட்டும் முயற்சியில் முன்னின்றார். 1785இல் மேல்மன்று ஹமில்ரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதனையொட்டி எழுந்த இக்கவிதை முழுவதும் அம்மூப்பர் தனியே கடவுளிடம் மன்றாடுவதாக அமைந்துள்ளது. தான் முன்னரே மீட்புக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவன் என்று அவர் நன்றி கூறுகிறார்; தமது காம இச்சைகளுக்குச் சமாதானம் கற்பிக்கிறார்; எதிரிகளைச் சபிக்கும்படி இறைவனை வேண்டுகிறார். கவிஞர் தம் குரலில் ஓரிடத்தும் குறுக்கிடவில்லை. வழிபாட்டு மொழியே வழிபாட்டுப் போலிமையைக் கிழிக்கின்றது.

இக்கவிதை முதலிற் கைப்பிரதியாகவே உலவியது. 1786இல் வெளிவந்த பேர்ன்ஸின் முதற்றொகுதியில் அது சேர்க்கப்படவில்லை. 1789இல் ஆசிரியர் பெயரின்றி அச்சேறிற்று. மொக்லின் ஊரார் இதனை வாசிக்க எவ்வித விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. மூப்பரை அவர்கள் நேரில் அறிந்திருந்தனர். ஆனால் பின்னாளில் கிளென்றிடல் கைப்பிரதித் தொகுதிக்காக இதனைப் படியெடுத்தபோது, மூப்பர் யார், வழக்கு யாது என்பதை விளக்கும் முன்னுரைக் குறிப்பொன்றைப் பேர்ன்ஸே சேர்த்தார். இது மனங்கொளத்தக்கது. அங்கதம் தனது ஊரைவிட்டு வெளியேறும்போது வழித்துணை வேண்டிநிற்கின்றது என்பதைக் கவிஞரே உணர்ந்திருந்தார்.

4

மொழிநிலை இச்சிக்கலை மேலும் ஆழமாக்கிற்று. 1707ஆம் ஆண்டு ஒன்றிணைப்பின் பின்னர் இலண்டன் ஆங்கிலமே முன்னேற்றத்தின் மொழியாயிற்று. டேவிட் ஹியூம் போன்ற பேரறிஞரும் தவிர்க்கவேண்டிய ஸ்கொத்திய வழக்குகளைப் பட்டியலிட்டார். எழுத்தும் அலுவலும் ஆங்கிலத்துக்கும், வீடும் வீதியும் ஸ்கொத்திய மொழிக்கும் உரியனவாகப் பிரிந்தன. உயர்நடையில் தொடங்கிப் பேச்சுவழக்கில் சட்டென இறங்குவதால் எழும் நகை இப்பிளவின் விளைபொருளே. கிளாஸ்கோவினர் 'ஏய், றைற்' என்பர். இரண்டும் உடன்பாட்டுச் சொற்கள். ஒருங்கே வரும்போது பொருள் முழுமையான மறுப்பு. எமது பேச்சுவழக்கில் ஒருவர் 'ஓமோம், சரி' என்று இழுத்துச் சொல்வதைக் கேட்டோர்க்கு இது எளிதில் விளங்கும். மறுப்பு சொல்லில் இல்லை, இழுப்பில் உள்ளது. அச்சில் அவ்விழுப்பு இல்லை.

வசையும் இவ்வாறானதே. நாலாம் ஜேம்ஸ் மன்னனின் அவையில், ஏறத்தாழ 1500இல், டன்பார், கெனடி என்னும் இரு புலவர்கள் நிகழ்த்திய வசைப்போட்டி புகழ்பெற்றது. கடுஞ்சொல்லை அவையறியச் சொல்லும் உரிமையே அங்கு புலமையின் அளவுகோலாயிற்று. கைத்தொழில் யுகத்தில் இம்மரபை ஒத்ததொன்று கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டுந் தளங்களில் வாழ்ந்தது. உயிராபத்து மிக்க வேலையில் தோளோடு தோள் நின்ற தொழிலாளர் ஒருவரையொருவர் வைது நகைத்தனர். ஒருவன் தன்னை உயர்த்திக்கொள்ளாதவாறு காக்கும் சமத்துவ உணர்வு அதில் உண்டு. பின்னாளில் மேடைக்கலைஞராக உலகப்புகழ் பெற்ற பில்லி கொனலி அத்தளமொன்றில் உருக்கி ஒட்டும் தொழிலைப் பயின்றவர். எனினும் இதனை இலட்சியமயப்படுத்துதல் தவறு. அதே நகை பெண்களையும் மாற்றுச் சமயத்தாரையும் விலக்கிவைக்கும் கருவியாகவும் பயன்பட்டதுண்டு.

5

சமூகத்துள் உயிர்த்த நகை சந்தைக்குச் சென்றபோது வேறொன்றாயிற்று. சுரங்கத் தொழிலாளியாயிருந்து இசைமண்டபக் கலைஞரான ஹரி லோடர் (1870–1950), கட்டைப்பாவாடையும் கோணற் கைத்தடியுமாகத் தோன்றிக் கஞ்சத்தனமுள்ள ஸ்கொத்தியன் என்னும் வார்ப்பை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரப்பினார். வறுமையால் விளைந்த சிக்கனம் பிறவிக்குணமாகக் காட்டப்பட்டது. கவிஞர் ஹியூ மக்டயர்மிட் இவ்வார்ப்பைக் கடுமையாகச் சாடினார். தேசியவாதிகள் அவரைப் பொதுவுடைமையாளர் என்றும் பொதுவுடைமைக் கட்சியினர் தேசியவாதி என்றும் 1930களில் வெளியேற்றியமை, அவரே புனைந்திருக்கக்கூடிய அங்கதம் எனலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஸ்கொத்தியரை ஒடுக்கப்பட்டோர் என்று மட்டும் காண்பது வரலாற்றைக் குறுக்குவதாகும். எமது மலையகத்தில் டன்சினேன், ஹோலிறூட் எனத் தோட்டங்கள் பெயர்பெற்றமை, பேரரசின் இலாபத்தில் அவர்க்கும் பங்கிருந்ததை நினைவூட்டும். இலண்டனின் ஏளனத்துக்கு ஆளான இனத்தவர் பிறிதோரிடத்தில் துரைமாராய் நின்றனர்.

6

எழுத்தில் நகை பிறழும் சிக்கல் இணையத்தின் வருகையோடு பன்மடங்காகியுள்ளது. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், மின்னுயர்த்தியொன்றில் பாதரசம் சிந்தியதாகக் கணினிச் செய்திப்பலகையில் எழுதப்பட்ட பகிடியைச் சிலர் உண்மை எச்சரிக்கையாகக் கொண்டனர். அதன்பின், செப்ரெம்பர் 19ஆந் திகதி, ஸ்கொற் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகியவற்றை இணைத்துச் சிரிக்கும் முகமொன்றைப் பகிடிக்கான குறியாக முன்மொழிந்தார். பேர்ன்ஸின் முன்னுரைக் குறிப்பு மூன்று நிறுத்தக்குறிகளாகச் சுருங்கிற்று எனலாம்.

2005இல் குறூகர், எப்லி முதலிய உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. மின்னஞ்சலில் தமது எள்ளற் கூற்றையும் நேர்க்கூற்றையும் பெறுநர் நூற்றுக்கு 78 அளவிற் சரியாகப் பிரித்தறிவர் என எழுதியோர் எதிர்பார்த்தனர். உண்மையிற் கிடைத்தது 56 மட்டுமே. குரல்வழிக் கூறியபோது 73 வரை விளங்கிற்று. எழுதுவோன் தன் குரலைத் தன் மனத்துள் கேட்டுக்கொண்டே எழுதுகிறான். வாசிப்போன் அதனைக் கேட்பதில்லை. சலனமற்ற முகத்தையே கருவியாகக் கொண்ட நகைச்சுவைக்கு இவ்விடர் இரட்டிப்பாகும். சிரிப்புக்குறியை இட்டால் முகம் அசைந்துவிடுகின்றது; இடாவிட்டால் பொருள் பிறழ்கின்றது.

7

இதனை வெறும் தொடர்பாடற் குறைபாடாகக் கொள்ளலாகாது. 2010இல் இங்கிலாந்தில், பனியால் விமானநிலையம் மூடப்பட்டமைக்கு எரிச்சலுற்று அதனைத் தகர்ப்பேன் என்று இணையத்தில் விளையாட்டாக எழுதிய ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2012இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கும்வரை அவர் இடருற்றார். எய்க்கன்ஹெட்டின் விதியோடு இதனை ஒப்பிடமுடியாதெனினும், சூழலிலிருந்து பெயர்க்கப்பட்ட சொல்லைச் சொற்பொருளால் மட்டும் எடைபோடும் முறைமை ஒன்றே. இதற்கு மறுதலையாக, வலியோர் தமது வன்சொல்லைப் பகிடி என்று கூறித் தப்புவதையும் காண்கின்றோம். எளியோரின் பகிடி அச்சுறுத்தலாகவும், வலியோரின் அச்சுறுத்தல் பகிடியாகவும் வாசிக்கப்படுவது தற்செயலன்று.

ஆகவே ஒரு கூற்று நகையா அன்றா என்பதைச் சொல்லிலும் குறியிலும் மட்டும் தேடுதல் போதாது. யார், யாரிடம், எவ்வதிகார உறவில், எந்த ஊர்மொழியிற் கூறினர் என்ற வினாக்களை எழுப்பியே அதனைத் துணிதல் வேண்டும். மொக்லின் மக்கள் அக்கவிதையைச் சரியாக வாசித்தமைக்கு அவர்தம் நுண்ணறிவு மட்டும் காரணமன்று. மூப்பரின் கண்காணிப்பின் கீழ் அவர்கள் வாழ்ந்திருந்தனர்.