கடல் கடந்த ஊழியம் - 6: முந்திக்கொண்ட கடிதங்கள்

1706 ஜூலை 9-ஆம் தேதி 'சோபியா ஹெட்விக்' கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த இரண்டு ஜெர்மானிய இளைஞர்களுக்கும் தமிழ் தெரியாது. பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோவும் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பியவர்கள். அரசர் அனுப்பியவர்கள் என்று தெரிந்தும், டேனிஷ் கோட்டையின் தலைவர் ஹாசியஸ் அவர்களை வேண்டாத விருந்தாளிகளாகவே நடத்தினார். 1708 நவம்பரில் சீகன்பால்குவைச் சிறையிலேயே அடைத்தார்; வெளியே வர ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. சொந்த மதத்துக்காரர் தந்த வரவேற்பு இது. கரையில் இருந்த தமிழரைப் பற்றியோ, இறங்கும்போதே அவர் மனத்தில் ஒரு படம் இருந்தது: இலக்கணம் உள்ள மொழியும், நீதி நியாயம் உள்ள வாழ்க்கையும் இவர்களுக்கு ஏது என்ற படம். நான் கற்பித்துச் சொல்லவில்லை. அப்படி எண்ணித்தான் வந்தேன் என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

அந்தப் படம் எப்படிக் கலைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். வயதான ஓர் ஆசிரியர் தம் பிள்ளைகளோடு சீகன்பால்குவின் வீட்டிலேயே பள்ளி நடத்த ஏற்பாடாயிற்று. பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார் அவர். எழுதுவதும் அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாகத் தொடங்கிய படிப்பு, இரண்டு ஆண்டுக்குள் ஓலைச்சுவடிக்கு வந்துவிட்டது. தம்மிடம் எழுத்து வேலை பார்த்த தமிழர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பிச் சுவடி தேடச் சொன்னார்; இறந்துபோன பிராமணர்களின் மனைவியரிடம் சில ஏடுகள் மலிவாகக் கிடைத்தன. 1708-இல் அவர் எழுதிய சுவடிப் பட்டியலில் தமிழரின் சமய, இலக்கிய நூல்கள் மட்டும் 119. தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. எழுபது வயதான தம் ஆசிரியர் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், ஐரோப்பாவில் நினைப்பது போல இவர்கள் சிந்தனை அறிவுக்குப் பொருந்தாதது அன்று என்ற கருத்தையும் எழுதிவைத்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். இவர்களுக்கு நீதி ஏது என்று எண்ணி வந்தவர் முதலில் மொழிபெயர்க்க எடுத்தவை நீதி நூல்கள் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

ஆனால் ஐரோப்பா எதைப் படித்தது? வந்த புதிதில் அவர்கள் எழுதிய கடிதங்கள் 1708-இலேயே பெர்லினில் நூலாகிவிட்டன. 1709-இல் லண்டனில் ஆங்கிலத்திலும் வந்தன. தமிழர் சமயத்தையும் சமூகத்தையும் விரிவாக ஆராய்ந்து 1711-இல் அவர் எழுதி முடித்த நூல் அச்சேறியது 1926-இல். தமிழ்நாட்டுத் தெய்வங்களின் மரபை 1713-இல் முறைப்படுத்தி எழுதினார். 1867-இல் சென்னையில்தான் அது வெளிவந்தது. அறியாமல் எழுதியவை உடனே அச்சேற, அறிந்து எழுதியவை தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கிடந்தன. அயல்நாட்டு ஊழியர்களின் முதல் பார்வையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கால இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல் யாரையும் புகழவும் கூடாது, பழிக்கவும் கூடாது என்பதே என் வாதம். தவறாகப் பார்த்தவரின் பொறுப்பு ஒரு பங்கு. அந்தப் பார்வையை மட்டும் ஊரெங்கும் பரப்பியவர்களின் பொறுப்பு இன்னொரு பங்கு, அதுவே பெரியது.

எல்லாமே மறைக்கப்பட்டுவிட்டன என்று சொல்ல முடியுமா, தமிழர்களே எழுதிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான ஊழிய அறிக்கைகளில் வெளிவந்தனவே என்று கேட்கலாம். உண்மைதான். 1714-இலும் 1717-இலும் 99 கடிதங்கள் ஜெர்மனில் வந்தன. நன்மை தீமை, மணம், மருத்துவம் என்று தமிழர் தம் வாயால் பேசுகிறார்கள். ஆயினும் அவை குறிப்புரைகளோடுதான் வாசகரிடம் போயின. தமிழர் ஒன்று சொல்ல, பக்கத்திலேயே மறுப்பும் நின்றது.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. எத்தனை ஏடு படித்தாலும் சீகன்பால்கு மதம் மாற்ற வந்தவர்தானே? அந்த 1711 நூலின் தலைப்பிலேயே தமிழர் சமயத்தை அஞ்ஞானம் என்றுதானே குறித்தார்? ஆம், அதை மழுப்ப வேண்டியதில்லை. 1719-இல், நாற்பதைத் தொடாமல் இறக்கும் வரை அந்த நம்பிக்கையில் அவர் அசையவில்லை. ஆனால் ஒரு சமயத்தைத் தவறென்று கருதுவதும், அதைப் பின்பற்றுகிறவர்களை அறிவற்றவர் என்று கருதுவதும் வேறு வேறு. முன்னதை அவர் கடைசிவரை விடவில்லை. பின்னதை ஆசிரியரின் எதிரே மணலில் உட்கார்ந்த நாள்களில் விட்டுவிட்டார். விட்டதை எழுத்தாக்கி மேலிடத்துக்கும் அனுப்பினார். அனுப்பியவர்களின் மனம் கோணும் என்று தெரிந்தும் செய்த காரியம் அது. அதற்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே எண்ணுகிறேன்.

கொன்றைவேந்தனின் அந்த ஜெர்மன் வடிவம் 1930-இல், டச்சு அறிஞர் காலண்ட் பதிப்பித்து, ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. எழுதி அப்போது 222 ஆண்டுகள் ஆகியிருந்தன.