மூட்டு நோகும் புரவிக்கு முதல் மருந்து

ஓட்டம் ஓய்ந்த பின்

இன்று இரட்டைக் கோபுரங்கள் வானளாவி நிற்கும் கோலாலம்பூர் நிலத்தில், 1896-ஆம் ஆண்டில் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் ஓடுகளம் முன்னொரு காலத்தில் இருந்ததையும், பிற்பாடு அது சுங்கை பீசிக்குக் குடிபெயர்ந்ததையும் நம் முதியோர் அறிவர். அத்தகைய களங்களில் காற்றெனப் பாய்ந்த புரவிகள், முதுமையில் தேய்ந்த மூட்டுகளோடு லாயத்தில் நாட்களைக் கழிப்பதை எண்ணுவோர் சிலரே.

குதிரையின் தேகபாரத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஓட்டத்தின் அதிர்ச்சி ஆண்டுக்கணக்கில் அவற்றின்மீது விழும்போது, எலும்பு முனையைப் போர்த்திய குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டுநீர் வழவழப்பை இழந்து, வீக்கமும் வலியும் நிலைகொள்கின்றன. தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர்க்கும் மருந்து இன்றளவும் இல்லையாதலால், வலியைத் தணித்து நடையைக் காப்பதே சிகிச்சையின் லட்சியம்.

வலியை அறியும் விதம்

பகை மிருகத்துக்கு அஞ்சி வாழ்ந்த இனமாதலால், குதிரை தன் நோவை மறைக்கும் சுபாவமுடையது. காலையில் விறைத்து, சற்று நடந்தபின் இளகும் கால். நோகும் முன்னங்கால் தரையைத் தொடுகையில் மேலெழும் தலை. லாடம் அடிப்பவரிடம் காலைத் தர மறுக்கும் பிடிவாதம்: இவை யாவும் குறும்பல்ல, முறையீடு. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி ஓய்வெடுப்பது இயல்பு. முன்னங்காலை முன்னே நீட்டி நிற்பதோ பெரும்பாலும் நோயின் அறிகுறி.

நடை, குளம்பு, எடை

இயற்கைச் சிகிச்சையில் தலையாயது நடையே. நாள் முழுதும் லாயத்தில் கட்டிவைத்தால் மூட்டு மேலும் இறுகுமாதலால், கிள்ளான் பள்ளத்தாக்கின் வெயில் ஏறுமுன், விடியற்காலையில் தார்ச்சாலையைத் தவிர்த்து, புல்தரையில் நிதானமாக நடத்திச் செல்வது உத்தமம். ஆழ்ந்த மணலும் மழைச் சேறும் காலை வருத்தும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்யாவிடில், பாரம் கோணலாக விழுந்து மூட்டின் ஒரு பக்கமே தேயும். மிகை எடையும் அவ்வாறே தீங்கு செய்வதால், விலா எலும்பு கண்ணுக்குப் புலப்படாமல் கைக்குத் தட்டுப்படும் அளவே சரியென்று கொண்டு, தானியத்தைக் குறைத்துப் பசும்புல்லையும் உலர்புல்லையும் ஆதாரமாக்க வேண்டும்.

குளிர்ச்சியும் வெப்பமும்

புதிதாக வீங்கிச் சூடேறிய மூட்டுக்கு, 15 முதல் 20 நிமிடம் குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவது இதம். நாட்பட்ட விறைப்புக்கோ, நடைக்குமுன் இளஞ்சூட்டு ஒத்தடமும், தசைகளை உள்ளங்கையால் மெல்ல நீவுவதும் நன்மை தரும். பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் செய்யும் அக்குபங்சரால் சில குதிரைகள் நிவாரணம் காண்கின்றன.

மஞ்சளும் மூலிகையும்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் எளிதில் கிடைக்கும் மஞ்சளை நாம் பெரிதும் நம்புகிறோம். ஆனால் அதன் சாரம் உடலில் சொற்பமாகவே சேர்வதாலும், குதிரைகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி குறைவாதலாலும், அதைத் துணையாகக் கொள்ளலாமேயன்றி முழுமருந்தாக நம்பலாகாது. ஒமேகா-3 கொழுப்பு நிறைந்த ஆளி விதை வீக்கம் தணிய உதவக்கூடும். அதை வெறும் நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் சயனைடு நஞ்சு உண்டாகக்கூடுமாதலால், நன்கு கொதிக்கவைத்தே தரவேண்டும். 'டெவில்ஸ் கிளா' என்னும் ஆப்பிரிக்க வேர் சினையுற்ற குதிரைக்கும், வயிற்றுப்புண் உள்ளதற்கும் ஆகாது. கற்பூரத் தைலமும் மிளகாய்ச் சாந்தும் தோலைப் புண்ணாக்கக் கூடியவை. போட்டிக் குதிரைகளிடம் இவற்றைப் பிரயோகித்தால் விதிமீறலாகவும் முடியும்.

மருத்துவரின் துணை

திடீரென நொண்டினாலோ, மூட்டு கொதித்தாலோ, தீனியை மறுத்தாலோ தாமதியாமல் கால்நடை மருத்துவரை நாட வேண்டும். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உள்ளது. ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணி நெடுநாள் தரப்பட்டால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்கலாமெனினும், அதை நாமாகவே நிறுத்துவதும், மனிதருக்குரிய மாத்திரையைப் புகட்டுவதும் பாதகம். தவறாகப் புகட்டியதை வெளியேற்றக் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதை மறக்கலாகாது.

பாண்டவருள் ஒருவனான நகுலன் பெயரால் அசுவ சாஸ்திரம் வழங்கும் மரபு நம்முடையது. விராட மன்னனின் லாயத்தில் அவன் பரிகளைப் பேணியதுபோல, நாள்தோறும் விடியலில் நான்கு கால்களையும் கையால் தடவி, எங்கே சூடு, எங்கே வீக்கம் என்று குறித்துவைக்கும் வழக்கத்தை இன்றே தொடங்குங்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அந்தக் குறிப்பைத்தான்.