கோழிக் கூண்டருகே ஈத் தொல்லையா? ஈரத்தைக் கவனியுங்கள்

மாம்பழக் காலத்தில் கோடை மழை இரண்டு பெய்துவிட்டால் போதும், புழக்கடையில் பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டில் ஈ மொய்க்கத் தொடங்கிவிடும். சோற்றுப் பானையில் ஈ, தொட்டில் குழந்தையின் முகத்தில் ஈ. "ஏனக்கா, உங்க கோழியாலே எங்க வீட்டுல ஒரு வாய்ச் சோறு நிம்மதியாத் தின்ன முடியலையே" என்று அடுத்த வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நிற்பாள். பேச்சு வளர்ந்தால், கோழிகளைச் சந்தையில் தள்ளிவிடு என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். முட்டை விற்று உப்பு புளிக்கும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் வழி செய்த வரும்படி அத்தோடு நின்றுவிடும்.

கோழியை விற்க வேண்டியதில்லை. ஈ பிறக்கும் இடத்தைக் கண்டு அதைக் கெடுத்தால் போதும்.

பெண் ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை ஈரமான எச்சத்தில் இடும். தன் ஆயுளில் நான்கைந்து தடவை இடும். ஒரே நாளில் முட்டை பொரித்து வெள்ளைப் புழுக்கள் வெளிவரும். நான்கு முதல் ஏழு நாள் வரை எச்சத்தைத் தின்று கொழுத்த புழு, ஓரத்தில் காய்ந்த மண்ணாகப் பார்த்து ஒதுங்கிக் கூட்டுப்புழுவாகும். செம்பழுப்பு நிறத்தில் நெல்மணி அளவில் கூண்டின் ஓரமாகக் கிடப்பவை இவைதாம். வெயில் காலத்தில் முட்டையிட்ட எட்டாம் நாள் அல்லது பத்தாம் நாள் புது ஈ பறந்துவிடும். ஆகவே வாரம் இரு முறை எச்சத்தை அள்ளிவிடும் வீட்டில் புழு ஈயாக மாற நாள் போதாது. வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு ஒரு வாரம் தவறினால், அடுத்த வாரம் வீடு முழுக்க ஈதான்.

புதிய எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். இது இரண்டொரு நாளில் உலர்ந்து பாதிக்கும் கீழே ஈரம் இறங்கிவிட்டால் புழு பிழைப்பது அரிது. அள்ளுவதைக் காட்டிலும் உலர வைப்பதுதான் பெரிய காரியம். பலர் இதைக் கவனிப்பதில்லை. தண்ணீர்ச் சட்டியைக் கோழி தட்டிக் கவிழ்த்த இடத்திலும், கூரைத் தண்ணீர் சொட்டும் மூலையிலும்தான் புழு நெளியும். சட்டியைக் கல்மேல் உயர்த்தி வைத்து, அடியில் மணல் பரப்ப வேண்டும். தரை சுற்றுப்புறத்தைவிட அரை அடியாவது மேடாக இருக்க வேண்டும். தரையில் நெல் உமியோ கடலைத் தோலோ மரத்தூளோ நான்கு விரற்கடை பரப்பி, இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். நனைந்து கட்டியான இடத்தை மட்டும் அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போடலாம். கோழி தண்ணீராகக் கழிந்தால் தீவனத்தைப் பாருங்கள். உப்பு மிகுந்த கருவாட்டுத் தூள் தின்ற கோழி அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும். எச்சமும் இளகிப் போகும்.

கோழிமேல் பழி போடுமுன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு எருக்குழி, மாட்டுத் தொழுவம், சாக்கடை ஓரம், பழத்தோல் கொட்டுமிடம் எல்லாவற்றையும் கிளறிப் பார்ப்பது நல்லது. சாணத்திலும் ஈ பெருகும். புழு எங்கேயோ அங்கேதான் குற்றவாளி. வேலிக்கு அப்பாலும் அது இருக்கக்கூடும்!

அள்ளிய எச்சத்தை வீணாக்க வேண்டாம். கோழி எருவில் ஏறக்குறைய 3 சதம் தழைச்சத்தும், 2.6 சதம் மணிச்சத்தும், 1.4 சதம் சாம்பல் சத்தும் உண்டு. வைக்கோல் கூளத்துடன் கலந்து குவித்து, பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்துவிட வேண்டும். குவியலின் உள்சூட்டில் புழு மடியும். ஓரம் ஆறியிருப்பதால் புழு அங்கே ஒதுங்கும். அதனால் வாரம் ஒரு முறை வெளிப்புறத்தை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். குவியலில் சுண்ணாம்பு கலக்காதீர்கள். தழைச்சத்து நெடியாகப் போய்விடும், கூண்டுக்குள்ளே கலந்தால் கோழிக்குக் கண் எரியும். எச்சம் அள்ளிய பிறகு வெறுந்தரையில் தூவச் சுண்ணாம்பு உதவும்.

மருந்தடிக்கலாமா என்று கேட்போர் உண்டு. டி.டி.டி.க்கு அடங்காத ஈக்கள் 1940களின் பிற்பகுதியிலேயே ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. பிறகு வந்த மருந்துகள் பலவற்றுக்கும் அதே கதை. எச்சத்தின் மேல் மருந்து தெளிப்பது கூடவே கூடாது. அதில் ஈ முட்டையையும் இளம் புழுவையும் தின்னும் சிறு வண்டுகளும் உண்ணிகளும் இருக்கின்றன. கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடும் சிறு குளவியும் உண்டு. மருந்தில் இவை முதலில் மடிந்தால் ஈக்குத்தான் கொண்டாட்டம். வெல்லத்தில் விஷம் கலந்து வைப்பதும் ஆபத்து. கோழியும் கொத்தும், குழந்தையும் எடுக்கும். பறக்கும் ஈயைப் பிடிக்க, வாயருகே துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் கருவாடு ஊறிய தண்ணீரை ஊற்றி, கூண்டிலிருந்து பத்தடி தள்ளித் தொங்கவிடலாம். அடுக்களைப் பக்கம் தொங்கவிட்டால் ஈயை விருந்துக்கு அழைத்ததாகும்.

ஈ தொல்லை மட்டுமன்று, நோயும் சுமக்கும். எச்சத்தில் உட்கார்ந்த காலோடு சோற்றில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். ஈயைக் கொத்தித் தின்னும் கோழிக்கு ஒருவகை நாடாப்புழு தொற்றும்.

செத்த கோழியை வேலியோரம் வீசுவது எல்லாவற்றிலும் கொடுமை. அழுகிய உடலில் நச்சு உண்டாகி, அதைத் தின்ற புழுக்களின் உடலிலும் சேரும். அந்தப் புழுவைக் கொத்திய கோழிகள் காலும் இறக்கையும் செயலற்று, கழுத்துத் தொய்ந்து தரையில் கிடக்கும். பல மடிந்தே போகும். செத்ததை அன்றைக்கே இரண்டடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, நாய் தோண்டாதபடி மேலே கல் வைக்க வேண்டும்.