மரத்தின் மேல் ஒரு கிலோ

சென்ற இலையுதிர் காலத்தில் என்னுடைய செயின்சா நாற்பதடி உயரத்திலிருந்து பக்கத்து வீட்டுக் கான்கிரீட் பாதையில் விழுந்து சிதறியது. கொக்கியைச் சரியாக மாட்டாதது நான்தான். கீழே யாரும் நிற்கவில்லை என்பதுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல விஷயம்.

வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் எழுதும் நான் சனிக்கிழமைகளில் மரம் ஏறுகிறேன். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டு பக்கம் டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு நடுவில் குடியிருந்தால் இந்தப் பைத்தியம் பிடிக்க அதிக நாள் ஆகாது. இதையே தொழிலாகக் கொண்ட ஒரு நண்பருக்கு மூன்று வருடம் கீழே நின்று கயிறு பிடித்த பிறகுதான் ஏறக் கற்றுக்கொண்டேன்.

புது ரம்பம் வாங்கவேண்டும். வலது தோள் இரண்டு குளிர்காலங்களாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்ததால், இருப்பதிலேயே லேசானது வேண்டும் என்பதுதான் என் ஒரே நிபந்தனை.

விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை கையில் ஏறும் எடை அல்ல என்பது தேட ஆரம்பித்ததும் தெரிந்தது. பெரும்பாலும் அது எஞ்சின் பகுதியின் எடை மட்டுமே. சங்கிலி, அது ஓடும் தகடு, பெட்ரோல், எண்ணெய் எதுவும் அதில் சேராது. மரம் ஏறுகிறவர்களுக்கென்றே கைப்பிடியை மேலே வைத்துச் செய்யும் ரம்பங்களில் ஸ்டில் எம்எஸ் 201 டி 35.2 சிசி, 3.7 கிலோ. எக்கோ சிஎஸ்-2511டி 25 சிசி, 2.3 கிலோ. எல்லாவற்றையும் மாட்டி நிரப்பினால் முதலாவது ஐந்து கிலோவை நெருங்கும். இரண்டாவது மூன்றைத் தாண்டும்.

ஒன்றரைக் கிலோ வித்தியாசம்தானே என்று தோன்றலாம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வதும் நீட்டிய கையில் பிடிப்பதும் ஒன்றா? 4.7 கிலோவை அறுபது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் தோள் மூட்டில் சுமார் 28 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழுகிறது, 3.1 கிலோ என்றால் 18. (எம்.எஸ். படித்ததற்கு இப்படியாவது ஒரு பயன்.) வெட்டாத நேரமெல்லாம் ரம்பம் இடுப்பில் தொங்குகிறது. பனையேறிகள் பாளை அரிவாளை இடுப்புப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஏறுவதும் இதே கணக்கில்தான்.

பேட்டரி ரம்பங்களையும் பார்த்தேன். ஹஸ்க்வர்னா டி536 லி எக்ஸ்பி 2.4 கிலோ என்கிறார்கள். பேட்டரி தனி, அதுவே ஒரு கிலோவுக்கு மேல். கிளையில் தொங்கியபடி கயிறு இழுத்து எஞ்சினைக் கிளப்பும் தொல்லை இல்லை, கீழே இருப்பவர் கத்தினால் காதில் விழும். ஆனால் பெட்ரோல் தீரத்தீர எடை குறையும்; பேட்டரி தீர்ந்தாலும் எடை அப்படியே இருக்கும்.

நண்பரிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் பேசாமல் இடது சட்டைக்கையைச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு தழும்பு.

அவருடைய பழைய ரம்பம் கனமானது. ஒற்றைக் கையால் வெகுநேரம் பிடிக்க முடியாது. லேசானதை வாங்கிய பிறகுதான் இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுக்கும் பழக்கம் வந்ததாம். தகடு நுனியின் மேற்பாதி மரத்தில் பட்டால், கண் இமைக்குமுன் ரம்பம் நம்மை நோக்கித் துள்ளும். முன்கைப்பிடியில் இடது கை இருந்தால் துள்ளலை அடக்கலாம். அந்த வேகத்திலேயே மணிக்கட்டு முன் தடுப்பைத் தள்ளி பிரேக் விழவும் வாய்ப்புண்டு. கை கிளையில் இருந்தால் ரம்பம் போகும் வழியிலேயே கை இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டு கையும் வேண்டும் என்பது இந்த ரம்பங்களின் கையேடுகளில் எழுதியிருக்கும் விஷயம்தான்.

மரத்தின் மேல் செயின்சா ஓட்டும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்கவேண்டும் என்று அமெரிக்கத் தர விதியான ஆன்சி இஸட்133 சொல்கிறது. விழாமல் இருக்க என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். இரண்டாவது கட்டு உடம்பை நிலையாக நிறுத்துவதால்தான் இரண்டு கையும் ரம்பத்துக்குக் கிடைக்கின்றன. எட்டாத கிளையை ஒற்றைக் கையால் அறுக்கத் தோன்றினால் நாம் நிற்கும் இடம் தப்பு. நகர்ந்து மறுபடி கட்டிக்கொள்ளவேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்கு நானும் பலமுறை சோம்பியிருக்கிறேன்.

கடைசியில் 25 சிசியையே வாங்கினேன், தோளுக்காக. இரண்டங்குலத்துக்குக் குறைந்த கிளைக்கு அதைத் தொடுவதில்லை. ஜப்பானியக் கைரம்பம் போதும். கொக்கி மட்டும் இரண்டாக வாங்கியிருக்கிறேன்.